அளந்தவர் யார்?
வில்லின் வேகமும் நமது வரலாற்றுப் பெருமையும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலை மீலாத் விழாவில் 'முஸ்லிம்களும் வில்வித்தையும்' என்ற தலைப்பில் பேசினேன். உஹதுக் களத்தில் தொடங்கி ஓட்டோமான் அரண்மனையில் முடித்தேன். துருக்கிய ஸுல்தான் மூன்றாம் ஸலீம் 1798ஆம் ஆண்டில் எய்த அம்பு 889 மீற்றர் தூரத்தில் போய் விழுந்தது என்று சொன்னபோது மண்டபம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில், 'இன்று மேற்கு நாட்டவர் பயன்படுத்தும் அதிவேக விற்களும் நமது முன்னோரிடமிருந்து எடுத்தவைதான்' என்று இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

அடுத்த நாள் ஒன்பதாம் தரத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், அந்தத் தூரத்த அளந்தது ஆரு?"

"புத்தகத்தில் இருக்கு" என்றேன்.

"புத்தகம் எழுதினவர் பாத்தவரா சேர்?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அஹதிய்யாவில் ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசை பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், அவர் அங்கு இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே அளவுகோலை அவன் என் பேச்சுக்கும் பிடித்துப் பார்த்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் கதை.

உஹதும் வேட்டை விதியும்

இஸ்லாமிய வரலாற்றில் வில்லுக்குரிய இடத்தை நான் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 3இல், கி.பி. 625இல், உஹதுக் கணவாயில் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரழி) தலைமையில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியதன் விளைவை எல்லோரும் அறிவோம். வில்வித்தையைக் கற்ற பின் கைவிடுவதைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதை அறிவித்த உக்பா இப்னு ஆமிர் (ரழி) முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து பயிற்சி செய்தவர்.

அதிகம் பேசப்படாத ஹதீஸ் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அதீ இப்னு ஹாத்திம் (ரழி) வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். 'மிஃராள்' எனப்படும் கோலை எறிந்து பிடித்த பிராணியை உண்ணலாமா என்பது அவரது கேள்விகளுள் ஒன்று. முனை குத்தி இறந்தால் உண்ணலாம், கோல் குறுக்காகப் பட்டு இறந்தால் அது அடிபட்டுச் செத்ததாகும், உண்ணக்கூடாது என்பது பதிலின் சாரம். புஹாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. எய்தது இலக்கில் பட்டால் மட்டும் போதாது, அது எப்படிப் பட்டது என்பதும் முக்கியம். எறிந்த கோல் நேராகப் போயிற்றா, குறுக்காகப் போயிற்றா என்பது ஹலால், ஹராம் சம்பந்தப்பட்ட விடயமாகிறது. உயிருள்ள பிராணியை இலக்காகக் கட்டி வைத்து எய்வதற்கும் தடை உண்டு. வில்லைத் தூக்கியவனுக்குத் திறமையோடு பொறுப்பும் விதிக்கப்பட்டது.

இது என் மனதில் ஏன் தங்கியது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கொம்பும் நரம்பும்

முதலில் என் பேச்சின் அடித்தளத்தையே பரிசோதித்தேன். கூட்டு வில்லை முஸ்லிம்கள் கண்டுபிடிக்கவில்லை. எகிப்திய மன்னன் துதன்காமுனின் கல்லறையிலேயே அத்தகைய விற்கள் கிடைத்தன. அவன் இறந்தது ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர். மத்திய ஆசியப் புல்வெளிகளின் குதிரை வீரர்கள் அதைத் தமது உயிராயுதமாக வளர்த்தெடுத்தார்கள். துருக்கியர் அந்தப் புல்வெளியின் வாரிசுகள். இஸ்லாத்துக்குள் வந்தபோது வில்லையும் கொண்டு வந்தார்கள். நமது பெருமை அதைக் கண்டுபிடித்ததில் இல்லை. செம்மைப்படுத்தியதிலும் எழுதி வைத்ததிலும்தான் இருக்கிறது.

அந்த வில்லின் அமைப்பைப் பார்த்தால் ஒரு விஞ்ஞான பாடமே எடுக்கலாம். நடுவில் மரம், ஓட்டோமான் வில்லாயின் பெரும்பாலும் மேப்பிள். எய்பவனை நோக்கிய உட்பக்கத்தில் எருமைக் கொம்பின் பட்டை. வெளிப்பக்கத்தில் விலங்கின் தசைநார். வில்லை வளைக்கும்போது உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. நசுக்கத்தைக் கொம்பு தாங்கும், இழுவையைத் தசைநார் தாங்கும். மரத்தால் மட்டும் செய்த வில்லை அந்த அளவுக்கு வளைத்தால் முறிந்துவிடும். இவற்றை ஒட்டுவதற்குத் தசைநாரிலிருந்தும் மீனிலிருந்தும் காய்ச்சிய பசை. ஒட்டிய பின் உலர்ந்து இறுகுவதற்கு மாதக் கணக்கில் வைத்திருந்தார்கள். நாண் பூட்டாத வில் எதிர்ப்புறமாக வளைந்து பிறைபோல் கிடக்கும். அதைத் திருப்பி நாண் பூட்டுவதே ஒரு கலை. இதமாகச் சூடாக்கி, வளைந்த மரக்கட்டைகளில் வைத்துக் கட்டி, இரு புயங்களும் சமமாக வளைகின்றனவா என்று பார்த்து, வளையாத இடத்தை மீண்டும் சூடுகாட்டித் திருத்துவார்கள்.

ஈரம் இதன் எதிரி. பசை இளகினால் வில் சோர்ந்துவிடும். இந்தியாவின் ஈரக் காற்றுக்கு ஈடுகொடுக்க அங்கே உருக்கு விற்களும் செய்யப்பட்டன. நமது நாட்டு வேடர்களின் வில்லோ ஒற்றை மரக் கம்பு. 1681இல் வெளியான நூலில் றொபர்ட் நொக்ஸ் அவர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவில் ஓர் இலையையும் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். அந்த இலையின் அளவுக்குத்தான் முனை வேண்டும். காட்டில் வாழ்ந்த மனிதனும் அம்பின் அளவு விடயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறான்.

எழுதி வைத்தவர்கள்

ஸலாஹுத்தீன் ஐயூபிக்காக முர்ளா அத்தர்சூஸி ஆயுதங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். மம்லூக் ஆட்சிக் காலத்தில், 1368 அளவில், தைபுகா அல்-பக்லமிஷி வில்வித்தை பற்றி விரிவாக எழுதினார். 1500 அளவில் மொரோக்கோவில் இன்னொருவர் அரபியில் எழுதினார். அவருடைய பெயர் கிடைக்கவில்லை. 1836இல் ஸுல்தான் இரண்டாம் மஹ்மூதுக்காக முஸ்தபா கானி, முந்திய நூல்களின் சாரத்தைத் துருக்கியில் தொகுத்தார்.

இந்த மரபில் மூன்று பேராசான்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அபூ ஹாஷிம், தாஹிர் அல்-பல்கீ, இஸ்ஹாக் அர்-ரப்பா. நிற்கும் நிலையிலும் பிடிக்கும் பிடியிலும் இவர்கள் வேறுபட்டார்கள். பின்வந்தவர்கள் மத்ஹபுகளைப் போல ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனியே பதிவு செய்து, எந்த உடலமைப்புக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்தார்கள். வில் ஆளின் பலத்துக்குப் பொருந்த வேண்டும், அம்பு வில்லுக்குப் பொருந்த வேண்டும், புதியவன் மென்மையான வில்லிலிருந்தே தொடங்க வேண்டும். நாண் முன்கையில் அடித்தால் காரணம் என்ன, அம்பு பறக்கும்போது வாலை ஆட்டினால் காரணம் என்ன என்றெல்லாம் பிழைகளையும் அவற்றின் பரிகாரங்களையும் எழுதினார்கள்.

இந்த நூல்களை நாம் எப்படி அறிந்தோம்? இங்குதான் எனக்கு முதல் வெட்கம் வந்தது. முஸ்தபா கானியின் நூலை 1920களில் ஜேர்மன் அறிஞர் ஜோக்கிம் ஹைன் தமது மொழிக்குக் கொண்டு போனார். அதை வைத்து அமெரிக்க பௌதிகவியலாளர் போல் குளொப்ஸ்டெக் 1934இல் துருக்கிய வில்வித்தை பற்றி நூல் எழுதினார். மொரோக்கோ நூலை நாஸரேத்தில் பிறந்த நபீஹ் அமீன் பாரிஸும், றொபர்ட் எல்மர் என்ற அமெரிக்க வில்லாளரும் சேர்ந்து மொழிபெயர்க்க, 1945இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தைபுகாவின் நூலை லேதம், பற்றர்சன் என்ற இரு ஆங்கிலேயர் 1970இல் தந்தார்கள். ஒருவர் அரபு அறிஞர், மற்றவர் வில்லாளர். ஒருவர் சொல்லை அறிந்தவர், மற்றவர் செயலை அறிந்தவர். ஒருவர் மட்டும் செய்திருந்தால் அந்த நூல் பாதிதான் விளங்கியிருக்கும். மேடையில் நான் உரிமை கொண்டாடிய அறிவை, நம்மவர் அல்லாதோர் ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து காப்பாற்றித் தந்திருந்தார்கள்.

ஒக்மைதானின் சாட்சிகள்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அளந்தவர் யார்?

1453இல் இஸ்தான்பூலைக் கைப்பற்றிய இரண்டாம் முஹம்மத் அங்கே ஒரு பெருவெளியை வில்லாளருக்கென ஒதுக்கினார். ஒக்மைதான், அதாவது அம்பு மைதானம், என்பது அதன் பெயர். இரண்டாம் பாயஸீத் காலத்தில் அங்கு வில்லாளர் தக்கியா எழுந்தது. வுளூ இன்றி அந்த வெளிக்குள் நுழைவதில்லை. அம்பை விடும்போது 'யா ஹக்' என்பார்கள்.

அங்கே நெடுந்தூர எய்தல் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அதற்கான அம்பு 15 கிராமுக்கும் குறைவான எடையுள்ளது. அம்பு வில்லை விடக் குட்டையாக இருக்கும். எனவே மணிக்கட்டில் 'சிபர்' என்ற ஒரு சிறு தாங்கியைக் கட்டி, அம்பின் நுனியை வில்லுக்கும் உட்புறமாக இழுத்து எய்தார்கள். நாணைப் பெருவிரலில் மாட்டிய மோதிரத்தால் இழுத்தார்கள். மாணவன் 900 'கெஸ்' தூரம் எய்து காட்டினால்தான் 'கப்ளா' எனும் வில்பிடி அவனுக்கு முறைப்படி கையளிக்கப்படும். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர். ஆகவே 900 கெஸ் என்பது 594 மீற்றர். எய்யும் இடத்திலும் விழும் இடத்திலும் சாட்சிகள் நிற்க வேண்டும். சாதனை படைத்தால் அந்த இடத்தில் கல் நாட்டுவார்கள். அக்கற்களில் சில இன்றும் நிற்கின்றன. 'தூசு கிளப்புபவர்' என்ற பொருள்படும் டோஸ்கொபரன் என்ற பட்டம் பெற்ற இஸ்கந்தரின் சாதனை 1,281.5 கெஸ், அதாவது 845 மீற்றருக்குச் சற்று அதிகம்.

ஆக, அளந்தவர்கள் இருந்தார்கள். சாட்சிமுறையும் இருந்தது. ஆனால் ஒரு சாதாரண வில்லாளனின் அம்புக்குச் சாட்சி சொல்வதும் ஸுல்தானின் அம்புக்குச் சாட்சி சொல்வதும் ஒன்றா? ஸுல்தான் எய்த அம்பு விழுந்த இடத்தில் நிற்கும் அரண்மனை ஊழியன், 'இல்லை, இன்னும் பத்து முழம் பின்னாலேதான் விழுந்தது' என்று சொல்வானா? ஹதீஸ் கலையில் ஆட்சியாளரின் நெருக்கம் ஓர் அறிவிப்பாளரைக் கூர்ந்து பார்க்க வைக்கும் காரணங்களுள் ஒன்று. அதே கண்ணால் பார்த்தால் 889 மீற்றர் பொய் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் நான் மேடையில் முழங்கிய உறுதியோடு சொல்லவும் ஆதாரம் இல்லை.

வெளியாரின் அளவை ஒன்று இருக்கிறது. 1790களின் நடுப்பகுதியில் லண்டனில் துருக்கித் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எபெந்தி, அங்குள்ள வில்லாளர் சங்கத்தினர் முன் தமது வில்லால் எய்து காட்டினார். காற்றுக்கு எதிராக 415 யார், காற்றோடு 482 யார் என்று அளந்து பதிந்தார்கள். 482 யார் என்பது ஏறத்தாழ 441 மீற்றர். ஆங்கிலேயர் தமது நீள் வில்லால் அவ்வளவு தூரத்தை எட்டியதில்லை, வியந்து போனார்கள். அவர் தொழில்முறை வில்லாளர் அல்லர், ஓர் எழுத்தர். அவருக்கு 441 என்றால் வாழ்நாள் முழுவதும் பயின்ற ஒருவருக்கு 800 சாத்தியமற்றதல்ல என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் நெவாடாவில் வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் 1987இல் டொன் பிரவுன் என்பவர் நவீன பொருட்களால் செய்த கைவில்லால் 1,222 மீற்றர் எய்தார். எனவே மனிதக் கரத்துக்கு அந்தத் தூரம் அப்பாற்பட்டதல்ல.

மேடையில் 889 என்று முழங்குவதைவிட 441 என்று சொல்லியிருந்தால் என் பேச்சு பலமாக இருந்திருக்கும். சிறிய எண்தான். ஆனால் அதற்குப் பக்கச்சார்பற்ற சாட்சி இருக்கிறது.

கப்பி கட்டிய வில்

என் இரண்டாவது வாக்கியம், இன்றைய அதிவேக வில் நம்மிடமிருந்து எடுத்ததுதான் என்பது. அதையும் பரிசோதித்தேன்.

அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹொலெஸ் வில்பர் அலன் ஒரு வேட்டைக்காரர். அம்பின் வேகம் போதாமையே அவருடைய கவலை. ஒரு சாதாரண வில்லின் இரு முனைகளையும் அரிந்தெடுத்து அங்கே கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. அதுதான் இன்றைய கப்பி வில்லின் ஆரம்பம். அவர் தைபுகாவையோ முஸ்தபா கானியையோ படித்து இதைச் செய்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். குறி பார்க்கும் நேரத்தில்தான் கை அதிகம் நடுங்கும். கூட்டு வில்லின் முனைகளில் வளையாத 'காதுகள்' இருக்கும். அவை நெம்புகோலாக வேலை செய்து, தொடக்கத்தில் பாரத்தை விரைவாக ஏற்றி, இறுதியில் ஏற்றத்தைக் குறைக்கின்றன. வில்லில் சேரும் சக்தி கூடுகிறது, கைக்குக் கஷ்டம் குறைகிறது. அலனின் கப்பி இதே இலட்சியத்தை இன்னும் தூரம் கொண்டு போயிற்று. மையம் விலகிய அச்சில் சுழலும் கப்பி, நடுவழியில் உச்சப் பாரத்தைத் தந்து, இறுதியில் அதன் கால்வாசியை மட்டும் கையில் விடும். 70 இறாத்தல் வில்லை முழுதாக இழுத்த பின் 15, 20 இறாத்தலைத் தாங்கினால் போதும். இருவர் ஒரே சிக்கலுக்கு இரு வழிகளில் விடை கண்டார்கள். அதைக் களவு என்று சொல்வது இருவருக்கும் அநீதி.

கனடாவில் வாழும் என் மச்சானின் மகன் விடுமுறைக்கு வந்தபோது இந்த வில்லைப் பற்றி எனக்கு விளக்கினான். அவன் அங்கே மான் வேட்டைக்குப் போகிறவன். அவனுடைய வில்லின் அம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 100 மீற்றர் வேகத்தில் போகுமாம்.

"அப்ப மானால தப்பவே ஏலாது, என்ன மருமகன்?" என்றேன்.

"இல்ல மாமா, சத்தம் அதவிட வேகம்" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீற்றர் தூரத்திலுள்ள மானை அம்பு அடைய 0.3 செக்கன் வேண்டும். நாணின் ஓசை 0.09 செக்கனில் போய்விடும். இடையிலுள்ள 0.2 செக்கனில் மான் உடலைத் தாழ்த்தி ஓட ஆயத்தமாகிவிடும். குறி தவறினால் காயத்தோடு ஓடிச் சாகும். எனவே நல்ல வேட்டைக்காரன் வேகத்தை மட்டும் நம்புவதில்லை. நெருங்கிப் போகிறான். சற்றுப் பாரமான அம்பைத் தெரிகிறான். அதனால் வேகம் குறைந்தாலும் வில் அதிராது, ஓசை குறையும், அம்பு ஆழமாக இறங்கும்.

பிறகு அவன் வில்லைச் சீர்செய்யும் முறையைச் சொன்னான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு தாளுக்கு முன்னால், இரண்டு மீற்றர் அளவில் நின்று, அம்பைத் தாளூடாக எய்ய வேண்டும். துளையும் இறகுகளின் கீறலும் மட்டும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. தாள் மேலே கிழிந்திருந்தால் வால் உயர்ந்து போகிறது. நாணில் அம்பு பொருந்தும் இடத்தையோ தாங்கியையோ மயிரளவு நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் தாங்கியோ அம்புத் தண்டின் விறைப்போ பொருந்தவில்லை, அல்லது பிடித்த கை வில்லை முறுக்குகிறது. இரு கப்பிகளும் ஒரே கணத்தில் சுழன்று முடிய வேண்டும்; நாண் நீண்டு ஒன்று பிந்தினால் அம்பு ஆடும். கடைசியில் வேட்டை முனையைப் பூட்டிப் பார்க்க வேண்டும். அதன் அலகுகள் சிறகு போலக் காற்றைப் பிடிப்பதால் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே இடத்தில் தைக்கும் வரை காட்டுக்குப் போவதில்லையாம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அதீ இப்னு ஹாத்திமின் கேள்வி என் நினைவுக்கு வந்தது. முனை குத்திற்றா, குறுக்கே பட்டதா? வாலை ஆட்டும் அம்புக்கு மொரோக்கோ நூலாசிரியர் தேடிய பரிகாரமும், கனடாவில் தாளைக் கிழித்துப் பார்க்கும் இளைஞனின் பரிகாரமும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. நேராகப் போகாத அம்பு எவ்வளவு வேகமாகப் போனாலும் பயனில்லை.

தாளில் விழுந்த கிழிசல்

இரண்டாம் மஹ்மூத் 1839இல் மறைந்த பின் ஓட்டோமான் வில்வித்தை தளர்ந்தது. துப்பாக்கி அதற்கு முன்பே போர்க்களத்தை எடுத்துக்கொண்டிருந்தது. ஒக்மைதானின் பெரும் பகுதியில் வீடுகள் எழுந்தன. பின்னர் ஒரு மறுமலர்ச்சி வந்தது. அடம் கார்பொவிச் என்பவர் பழைய முறையில் கொம்பு விற்களைச் செய்து சோதித்து 2008இல் நூல் எழுதினார். துருக்கியிலும் பயிற்சி மீண்டும் தொடங்கியது. 2019இல் யுனெஸ்கோ துருக்கிய மரபு வில்வித்தையைத் தனது பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது பட்டியலில் சேரும் அளவுக்கு எஞ்சியிருந்ததற்கு அளந்தவர்களும் எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களுமே காரணம். கைதட்டியவர்கள் அல்லர்.

நமது மேடைகளிலும் மலர்களிலும் 'எல்லாம் நாமே தந்தோம்' என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. நானும் அந்தக் குரலில் பேசியவன்தான். சிறுபான்மையாக வாழும் நமக்குப் பெருமை ஒரு தேவை என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் பொய் கலந்த பெருமையைப் பிள்ளைகள் ஒருநாள் பரிசோதிப்பார்கள். அன்று கலப்பைக் கண்டால் மெய்யையும் சேர்த்து வீசிவிடுவார்கள். மொழிபெயர்ப்பும் சாட்சிமுறையும் ஆயிரம் பிழைகளைத் திருத்திய ஆசான்களின் பொறுமையும் நமக்குப் போதுமான பெருமை. ஸுல்தானின் 889 மீற்றர் இல்லாமலும் அது நிற்கும்.

மறு தவணையில் அதே வகுப்புக்குப் போய் என் பேச்சின் இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதினேன். முதலாவதன் பக்கத்தில் 'சாட்சி போதாது' என்றும் இரண்டாவதன் பக்கத்தில் 'பிழை' என்றும் எழுதினேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஆசிரியர் தன் பேச்சையே வெட்டுவதை அவர்கள் முன்னர் பார்த்ததில்லை போலும்.

அந்தப் பையன் எழும்பி, "அப்ப ஸுல்தான் எய்யல்லயா சேர்?" என்று கேட்டான்.

"எய்திருப்பார். எவ்வளவு தூரம் என்றுதான் எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து, நான் எழுதியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். மீலாத் மேடையில் கிடைத்த கைதட்டலை விட அது எனக்கு நிறைவாக இருந்தது.